பழைய ஷெவர்லே ஆறு சிலிண்டர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

1940களின் கடைசியிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை வந்த ஷெவர்லே கார்களுக்கான குறிப்பு இது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பூட்டி விற்ற வண்டிகளில் பல இன்றும் தமிழ்நாட்டில் ஓடுகின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பவை குறைவு. பெட்ரோல் செலவுக்குப் பயந்து பெர்கின்ஸ் டீசல் ஏற்றி, பிற்பாடு மறுபடியும் பெட்ரோல் இன்ஜினுக்குத் திரும்பியவை உண்டு. 216 கன அங்குல இன்ஜினை எடுத்துவிட்டு 235 வைத்தவை, 6 வோல்ட்டை 12 ஆக்கியவை, இரட்டைக் கார்ப்பரேட்டர் மாட்டியவை என்று ஒவ்வொன்றும் ஒரு விதம்.

அதனால் கோளாறைத் தேடுமுன் இரண்டு விஷயம். கடைசியாக இந்த வண்டியில் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்தது, கார்ப்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவருக்கு எட்டுகிற இடம் என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். டேப்பட் (வால்வ் இடைவெளி), பிளக், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்), மேனிஃபோல்ட் கசிவு எல்லாம் பார்த்த பிறகே அதன் முறை.

கையில் இருக்க வேண்டியவை: ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் லைட், வாக்குவம் கேஜ், கம்ப்ரஷன் கேஜ்.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்த இன்ஜின்?

வால்வ் மூடியைப் பாருங்கள். மேலே நடுவில் இரண்டு நட்டு மட்டும் இருந்தால் பழைய வகை. ஓரங்களில் நான்கு போல்ட் இருந்தால் 1954 முதல் வந்த பிந்தைய 235. பழைய 216இல் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போவதில்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி தொட்டியிலிருந்து அள்ளிக்கொள்ளும். பிந்தைய 235இல் எல்லாப் பேரிங்குக்கும் அழுத்தத்தில் போகும். சந்தேகம் இருந்தால் பிளாக்கின் வார்ப்பு எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே சில இடங்களில் இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அறிகுறி 1: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

வண்டி 6 வோல்ட் என்றால்

பேட்டரியைக் குறை சொல்லுமுன் ஒயரைப் பாருங்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். இன்றைய கார் ஒயரை வாங்கி மாட்டினால் மெலிசு, போதாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் முளையிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டார் முனையிலும் வைத்து, ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரோ அதன் முனையோ கோளாறு. அப்புறம் பேட்டரியின் மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு இதே சோதனை. எர்த் ஒயர் பெயின்ட் மேல் உட்கார்ந்திருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். வண்டிக்கு அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டு வந்த மறுவாரமே இந்தக் கோளாறு வரும்.

ஒயர்கள் சரி என்றால் பேட்டரி, பிறகு செல்ஃபின் கார்பன் பிரஷ், கடைசியில் புஷ். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசினால் சூட்டில்தான் அதிகம் திணறும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

12 வோல்ட்டுக்கு மாற்றியது என்றால்

பழைய 6 வோல்ட் செல்ஃப் 12இல் வேகமாகவே சுற்றும். சோம்பலாகச் சுற்றினால் இக்னிஷன் டைமிங் அளவுக்கு மேல் முன்னால் இருக்கலாம். சூடான இன்ஜினை நிறுத்தி உடனே எழுப்பும்போது எதிர்த்து உதைப்பது தெரியும். விட்டுவிட்டு நீண்ட நேரம் சுற்றவும் வேண்டாம். 12 வோல்ட்டில் அது பல்சக்கரத்தைப் பலமாக அடிக்கும், பல் போனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 2: நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

குளிர்ந்த இன்ஜின்

ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, முனையை பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றுங்கள். நல்ல நீலப் பொறி தாண்ட வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் இப்படித் திறந்து விடாமல், ஒரு உதிரிப் பிளக்கை மாட்டி எர்த்தில் வைத்துப் பாருங்கள்.

பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது:

- பாயிண்ட் முகம் கருகியிருக்கிறதா பாருங்கள். பாயிண்ட் அரத்தால் தேய்க்கலாம். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் உள்ளே தங்கும். இடைவெளி 0.016 முதல் 0.018 அங்குலம்.
- கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். விலை குறைவு, சோதிப்பதைவிட மாற்றுவது எளிது. பழைய ஸ்டாக்கில் கிடைப்பதும் கெட்டிருக்கலாம் என்பதால் ஓடிய கண்டென்சர் ஒன்றை டிக்கியில் வைத்திருப்பது நல்லது.
- காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறதா? ஷெவர்லே மைனஸ் எர்த். முனை மாறியிருந்தாலும் வண்டி ஓடும், பொறி பலவீனமாக இருக்கும், மேட்டில் மிஸ்ஸிங் காட்டும்.
- 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் பாயிண்ட் அடிக்கடி கருகினால் காயிலின் எதிர்ப்பை அளக்கவும். காயிலும் வெளியே உள்ள ரெசிஸ்டரும் சேர்ந்து சுமார் 3 ஓம் வர வேண்டும். பழைய 6 வோல்ட் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் 12இல் விட்டிருந்தால், பாயிண்ட் எத்தனை வாங்கிப் போட்டாலும் எரியும்.
- டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது பாயிண்ட் இடைவெளி மாறினால் புஷ் தேய்ந்துவிட்டது. லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பொறி நன்றாக இருக்கிறது என்றால் பெட்ரோல். ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை நிறுத்திய நிலையில் ஆக்சிலரேட்டர் இணைப்பைக் கையால் தள்ளி கார்ப்பரேட்டர் வாய்க்குள் பாருங்கள். பீச்சாக வர வேண்டும். வரவில்லை என்றால் மிதவைக் கிண்ணம் காலி. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம், பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். சற்று நேரம் சுற்றினால் பம்ப் நிரப்பிவிடும். நிரப்பவில்லை என்றால் வடிகட்டி, பிறகு டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு, பிறகு பம்பின் டயஃப்ரம். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சம்பில் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் இன்ஜினை ஓட்டவே கூடாது.

டீசலில் ஓடிய காலம் இருந்த வண்டி என்றால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று விசாரியுங்கள். அடியில் படிந்த பழைய கசடை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டில் உட்கார வைக்கும். வடிகட்டி மாதம் ஒருமுறை அடைகிறது என்றால் காரணம் இதுதான்.

சூடான இன்ஜின்: டீ குடிக்க நிறுத்தினேன், திரும்ப எழும்பவில்லை

தமிழ்நாட்டில் இந்த வண்டிகளுக்கு வரும் புகார்களில் இதற்குத்தான் முதலிடம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் நனைந்திருந்தால், நிறுத்திய பிறகு கார்ப்பரேட்டர் சூடேறி பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி சுற்றுங்கள். அடிக்கடி மிதித்து விடக்கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீச்சும்.

பிளக் உலர்ந்து, கார்ப்பரேட்டரிலும் பீச்சு வரவில்லை என்றால் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது. பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத் துணி போட்டுக் காத்திருங்கள்.

இரண்டுக்கும் நிரந்தர வைத்தியம், மலிவானதிலிருந்து:

- எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உள்ள சூட்டுக் கதவைப் பாருங்கள். குளிர் நாட்டில் இன்டேக்கைச் சூடாக்க வைத்த தட்டு அது. துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றுவிட்டால் எக்ஸாஸ்ட் சூடு முழுதும் கார்ப்பரேட்டருக்கு அடியில். சமவெளியில் ஓடும் வண்டிக்கு அதைத் திறந்த நிலையில் கம்பி போட்டுக் கட்டிவிடலாம்.
- பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா? வளைத்துத் தள்ளி வையுங்கள்.
- கார்ப்பரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் தகடும், எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு மறைப்புத் தகரமும்.
- டேங்குக்கு அருகில் மின்சார பம்ப். அழுத்தத்தைக் கவனியுங்கள். இன்றைய பம்புகள் பல 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும், இந்தக் கார்ப்பரேட்டரின் ஊசி வால்வ் 4க்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் போட்டு 3இல் வையுங்கள்.
- டீசல் காலத்து ரிட்டர்ன் குழாய் டேங்கில் இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கழுவிவிட்டு, கார்ப்பரேட்டருக்கு முன்னாலிருந்து ஒரு சிறு துளை வழியாக அதற்குத் திருப்பிவிட்டால் குழாயில் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆவி தங்காது.

அறிகுறி 3: ஐடிலில் ஆட்டம், மிஸ்ஸிங்

இந்த இன்ஜினில் இதைக் கண்டுபிடிப்பதற்கு நல்ல வசதி ஒன்று உண்டு. ஹெட்டில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து இன்டேக் வழி மூன்றுதான்: 1-2க்கு ஒன்று, 3-4க்கு ஒன்று, 5-6க்கு ஒன்று. ஆகவே எந்தெந்த சிலிண்டர் சேர்ந்து மிஸ் ஆகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு பிளக் ஒயராக, கைப்பிடியில் ரப்பர் உள்ள இடுக்கியால் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் ஆட்டம் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் அது தூங்குகிறது.

ஒரே ஒரு சிலிண்டர்

பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடி போன்ற விரிசல். பிறகு டேப்பட். சூடான நிலையில் இன்டேக் 0.006, எக்ஸாஸ்ட் 0.013 முதல் 0.015 அங்குலம். 235 சிலவற்றில், முக்கியமாக பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தவற்றில், ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும். அதற்கு இந்த அளவு பொருந்தாது.

டேப்பட் சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எக்ஸாஸ்ட் டேப்பட் இறுகினால் வால்வ் சீட்டில் முழுதாக உட்காராது, சூட்டை ஹெட்டுக்குக் கடத்தாது, ஓரம் எரிந்துபோகும். லேசாக டிக் டிக் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன். 216இல் சுமார் 110 பி.எஸ்.ஐ., பிந்தைய 235இல் 130 அளவில் வரும். எண்ணைவிட ஆறுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் என்றால் ஹெட்டை இறக்க வேண்டும். மெக்கானிக்கை இந்தக் கட்டத்தில் கூப்பிடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்

1-2, 3-4, 5-6 என்ற ஜோடியாக இருந்தால் இன்டேக் மேனிஃபோல்ட் அந்த வாயில் காற்றை இழுக்கிறது. இரண்டு பிளக்கும் வெளுத்திருக்கும். ஐடிலில் அந்த வாயைச் சுற்றிக் கொஞ்சம் ஆயில் விடுங்கள். ஓட்டம் மாறினால் அதுதான். பெட்ரோலோ கார்ப்பரேட்டர் ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம், கீழேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது.

மாற்றி அமைத்த வண்டிகளில் இந்தக் கசிவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ஒரே கிளாம்ப் சேர்த்து அழுத்துகிறது. வெளியிலிருந்து வாங்கிய இரட்டைக் கார்ப்பரேட்டர் இன்டேக், பிரித்த எக்ஸாஸ்ட் என்று போடும்போது இரண்டின் விளிம்புத் தடிமனும் ஒன்றாக இருக்காது. தடித்தது இறுகும், மெலிந்தது தளரும். கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு திரும்பி வரும். மெலிந்த பக்கத்தில் எஃகுத் தகடு வைத்துச் சமன் செய்யுங்கள், அல்லது தடித்த விளிம்பை மில்லிங்கில் குறையுங்கள். ஹெட் வாயில் இருக்க வேண்டிய மெல்லிய உலோக வளையங்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். மேனிஃபோல்டை நேராக உட்கார வைப்பது அவைதான். பழையதைக் கழற்றும்போது அதோடு ஒட்டிக்கொண்டு போய்க் குப்பையில் சேர்ந்துவிடும்.

பக்கத்துச் சிலிண்டர்கள்தான், ஆனால் கம்ப்ரஷன் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. 2-3, 4-5 என்ற ஜோடிக்கும் முதலில் இதையே சந்தேகப்படுங்கள்.

முன்பாதி நன்றாக, பின்பாதி மோசமாக (அல்லது நேர்மாறாக)

இரட்டைக் கார்ப்பரேட்டர் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டர் வாயிலும் பிடித்து, காற்றுச் சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூ இரண்டையும் முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். பிறகு இரண்டையும் சம அளவில் கூட்டிக் குறைத்து ஓட்டம் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியில் கம்பியை, எந்தப் பக்கமும் இழுக்காத நீளத்தில் மாட்டுங்கள். கம்பியை மாட்டியதும் ஐடில் மாறினால் நீளம் தவறு.

வாக்குவம் கேஜ் என்ன சொல்கிறது

சமவெளியில் ஐடிலில் 18 முதல் 21 அங்குலம், முள் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடாமல் ஆனால் 15இல் நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது அல்லது கசிவு. சீராக விட்டுவிட்டு ஒரு வெட்டு வெட்டினால் ஒரு வால்வ். மெதுவாக மிதந்தால் மிக்ஸ்சர். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஊட்டியில் 13 காட்டினால் இன்ஜின் நலமாகத்தான் இருக்கிறது.

அறிகுறி 4: மிதித்தால் தடுமாறுகிறது, கார்ப்பரேட்டர் வழியே தும்முகிறது

மிதித்த அந்த நொடியில் மட்டும்

ஆக்சிலரேட்டர் பம்ப். முன்பு சொன்ன பீச்சுச் சோதனையை இரண்டு கார்ப்பரேட்டரிலும் செய்யுங்கள். நின்று காய்ந்த வண்டியில் பம்பின் தோல் வாஷர் சுருங்கியிருக்கும். இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து ஓரத்தை விரித்து மாட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சூட்டுக் கதவு இல்லாத இரட்டை இன்டேக் போட்டவர்கள், மலையில் காலை வேளையில் இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்ஜின் சூடாகும்வரை சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்து ஓட்டுங்கள்.

எல்லா வேகத்திலும் பசியோடு ஓடுகிறது

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, பழைய பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய அளவு ஜெட் அப்படியே இருந்தால் கலவை மெலிந்துவிடும். துளையின் விட்டத்தில் மூன்று, மூன்றரை சதவீதம் கூட்டினால் போதும். ஊசியால் குடைந்து பெரிதாக்காதீர்கள். துளை வட்டமாக இராது, திரும்பிப் போகவும் வழியில்லை. அளவு ரீமர் உள்ளவரிடம் கொடுங்கள், பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

ரோச்செஸ்டர் பி வகைக் கார்ப்பரேட்டர் என்றால் ஜெட்டுக்கு முன் மேல்மூடி நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்குவதால் வளைந்துவிடும். வளைந்தால் என்ன செட்டிங் வைத்தாலும் நிலைக்காது. கண்ணாடியில் எமரி தாள் ஒட்டித் தேய்த்துச் சமன் செய்யலாம், பொறுமை வேண்டும்.

அறிகுறி 5: மேட்டில் இழுவை இல்லை, அல்லது டக் டக் என்று நாக்கிங்

டைமிங்கைப் பாருங்கள். செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் பெல் ஹவுசிங்கில் ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. ஃப்ளைவீலில் பதித்த எஃகு மணி அதன் வழியே தெரியும். வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தால் டைமிங் லைட்டில் பளிச்சென்று தெரியும். வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் பாருங்கள். எரியும் வரிசை 1-5-3-6-2-4.

மணி தெரியவே இல்லையா? இன்ஜின் மாற்றும்போது வேறு ஃப்ளைவீல் வந்திருக்கும். அப்போது வாக்குவம் கேஜை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முள் உச்சம் தொடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஓர் அங்குலம் குறையும்வரை பின்னால் கொண்டு வாருங்கள். பிறகு மேட்டில் ஓட்டிப் பார்த்து, நாக்கிங் வந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால்.

டைமிங் சரி, ஆனால் பாதி மிதியில் சோம்பல் என்றால் வாக்குவம் அட்வான்ஸ். இந்த இன்ஜினில் அது உள்ளே உள்ள தட்டை மட்டும் திருப்பாது, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையே திருப்பும். கிளாம்ப்பை இறுக்கி முறுக்கியவர்கள், தடித்த பிளக் ஒயரை இழுத்துக் கட்டியவர்கள் இதை முடக்கி வைத்திருப்பார்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உடம்பு அசைந்து திரும்ப வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

அறிகுறி 6: சூடேறுகிறது

நிற்கும்போதும் நெரிசலிலும் மட்டும்

காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட்டின் இறுக்கம் முதலில். அடுத்து, 216 இருந்த இடத்தில் 1955 முதல் வந்த 235 வைத்த வண்டியா? இரண்டின் வாட்டர் பம்பும் வேறு, ஃபேன் உட்காரும் உயரமும் வேறு. ஃபேன் ரேடியேட்டரின் நடுவுக்கு மேலே ஏறி, பாதிக் காற்றை மேல்தொட்டியின் மேல் வீசிக்கொண்டிருக்கும். இடைத்தகடு வைத்துப் பழைய பம்பைப் பொருத்துவது சரியான வழி. மறைப்பு வளையம் கட்டுவது அடுத்த வழி.

ஓடும்போது, வேகத்தில்

தண்ணீர் ஓட்டம். டைமிங் பிந்தியிருந்தாலும் இப்படிச் சூடேறும் என்பதால் அதை மறுபடி பாருங்கள். பிறகு தெர்மோஸ்டாட்: வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பாருங்கள். அப்புறம் ரேடியேட்டர். ஓடிச் சூடான நிலையில் அதன் முகத்தில் வெப்பமானியைக் குறுக்கே நகர்த்தினால், அடைத்த குழாய்கள் உள்ள இடம் குளிர்ந்து காட்டும். பிளாக்கின் பின்பக்கம், 6ஆம் சிலிண்டரைச் சுற்றி, பல ஆண்டுச் சேறு கட்டியிருக்கும். வடிகால் பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் வராமல் நின்றால் கம்பி விட்டுக் கிளற வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மூடி திறந்த ரேடியேட்டரில் உடனே குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சூடேறவில்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது

மேல்தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சூட்டில் விரிந்து வழிந்தே தீரும். குழாய்கள் மூழ்கி அதற்கு மேல் ஓர் அங்குலம் போதும். வழிவதைத் தடுக்க இன்றைய கார்களின் அழுத்த மூடியைப் போடாதீர்கள். பழைய சால்டர் பிரிந்துவிடும். அழுத்தம் இல்லாத ரேடியேட்டர் என்றால் ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். மலையேறும்போது முள் வழக்கமான இடத்தில் இருந்தும் பொங்குகிறது என்றால் பயப்பட வேண்டாம், ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

அறிகுறி 7: ஆயில் கேஜ், கீழிருந்து சத்தம்

216இல் கேஜ் குறைவாகக் காட்டுகிறது

ஓடும்போது 14 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் அதுதான் இயல்பு. ஐடிலில் முள் கீழே படுத்துவிடும். வேறு கார் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கண்டு பம்பை மாற்றிச் செலவு செய்கிறார்கள். பிந்தைய 235இல் வேகத்தில் 30க்குக் கீழே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மேலே ராக்கர் சத்தம், டேப்பட் வைத்தும் போகவில்லை

மூடியைக் கழற்றி ஐடிலில் ஓடவிடுங்கள். பன்னிரண்டு ராக்கரிலும் ஆயில் சொட்ட வேண்டும். காய்ந்திருந்தால் மேலே வரும் ஆயில் குழாய் அடைத்திருக்கிறது. கழற்றி ஊதிவிட்டால் பெரும்பாலும் தீரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ராக்கர் தண்டு தேய்ந்துபோகும்.

கீழிருந்து கனமான தட்டல்

சீரான வேகத்தில் ஓடி, காலை லேசாக எடுக்கும்போது தட்டினால் கனெக்டிங் ராட். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த ராட். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கயிறு கட்டியோ லாரியில் ஏற்றியோ கொண்டு போங்கள்.

216இன் ராடில் பேரிங் என்பது ஊற்றிய வெள்ளை மெட்டல். ஆரம்பத்திலேயே பிடித்தால் மூடியில் உள்ள ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றை எடுத்துச் சரிசெய்யலாம். விட்டுவிட்டால் மெட்டல் மறுபடி ஊற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வேலை முடிந்து மாட்டும்போது ஆயில் தொட்டியின் உயரமும், பீச்சும் குழாயின் குறியும் அளந்து வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். “அதெல்லாம் வேண்டியதில்லை சார்” என்று பதில் வந்தால் வேறு பட்டறை தேடுங்கள்.

216 வைத்திருப்பவர்கள் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டாமல் இருந்தாலே இந்தப் பகுதி தேவைப்படாது. 4.11 விகிதப் பின் ஆக்சிலோடு 88 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று சுற்றுகிறது. கரண்டியால் அள்ளும் ஆயிலுக்கு அதுவே அதிகம். வேகம் வேண்டும் என்றால் 3.55 ஆக்சில் தேடலாம், அல்லது 235.

அறிகுறி 8: ஓட்டும்போது கியரும் பிரேக்கும்

முதல் கியர் கரகரக்கிறது

கோளாறு இல்லை. முதல் கியரில் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போடுங்கள். நின்றும் கரகரத்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை. பெடல் விளையாட்டைச் சரிசெய்யுங்கள்.

கியர் நடுவில் சிக்கிக்கொண்டது

ஸ்டீயரிங் தண்டில் உள்ள லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். பானெட்டைத் திறந்தால் தண்டின் அடியில் இரண்டு சிறு கைகள் தெரியும். இரண்டையும் கையால் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் நியூட்ரல். அடிக்கடி நடந்தால் இணைப்புக் கம்பியின் புஷ்களை மாற்ற வேண்டும். மலிவான வேலைதான்.

மலை இறங்கும்போது பெடல் இறங்குகிறது

வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி பிடிப்பு போகும். மேலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சூடு. ஓரம் கட்டி ஆறவிட்டால் திரும்பிவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது அல்லது கசிவு. ஆறிய பிறகு ஆயில் அளவைப் பார்த்து, நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஒரே மாஸ்டர் சிலிண்டர் என்பதால் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.